வாங்குமுன் ஒரு வார்த்தை: “மூலிகைதானே!”

சித்திரை பிறந்தால் நம் கரையோரத்தில் ஊருக்கு ஊர் கபடி, கைப்பந்து. எனக்கு வரும் கடிதங்களும் மிக்சி, இன்வெர்ட்டரை விட்டுவிட்டு ‘ஸ்டாமினா’ பவுடருக்குத் தாவிவிடும். இந்த வாரம் முழுக்க அதுதான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். என்னைத் திட்டி வந்தவை மட்டும் சுருங்கிச் சுருங்கி இல்லாமலே போய்விட்டன.

“100 சதவீதம் இயற்கை, பக்க விளைவே இல்லை” என்று டப்பாவில் போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?
— உச்சிப்புளி வாசகர்

நம்பலாம், மூடியைத் திறக்காத வரை.

மச்சான் துபாயிலிருந்து ஒரு பெரிய டப்பா கொண்டுவந்தார். ‘ஜெரேனியம் சாறு’ சேர்ந்த மூலிகை பவுடராம். விளையாடப் போகும் முன் ஒரு ஸ்கூப். வெளிநாட்டுச் சரக்கு, தரமாகத்தானே இருக்கும்?
— கைப்பந்து வீரர், கீழக்கரை

மச்சான் பாசத்தை நான் குறை சொல்லவில்லை, டப்பாவைத்தான் சொல்கிறேன். ஜெரேனியம் பூச்செடி. அதன் பெயரில் பல வருடம் விற்றது டிஎம்ஏஏ என்ற ரசாயனம். முழுப்பெயர் மெத்தில்ஹெக்ஸேன்அமீன். மூக்கடைப்புக்காக ஆலையில் செய்த பழைய மருந்து அது. 2012-இல் லண்டன் மராத்தானில் ஓடிய 30 வயதுப் பெண் கிளேர் ஸ்குயர்ஸ், எல்லைக்கு ஒரு மைல் இருக்கும்போது சரிந்து விழுந்து இறந்தார். தண்ணீர் பாட்டிலில் இதைக் கலந்திருந்தார். அந்தக் கடும் ஓட்டத்தோடு இதுவும் சேர்ந்துதான் உயிரைக் குடித்திருக்க வேண்டும் என்று விசாரணை அதிகாரி சொன்னார். அவர் போட்டது ஒரு ஸ்கூப்தான்.

இறக்குமதிச் சரக்கு என்றால் இங்கே கொண்டுவந்தவரின் பெயர், முகவரி, 14 இலக்க உணவு உரிம எண் மூன்றும் லேபிளில் இருக்க வேண்டும். பெட்டியில் துணிக்கு நடுவே வந்ததில் அது எப்படி இருக்கும்? மச்சான் அடுத்த முறை பேரீச்சம்பழம் கொண்டுவரட்டும்.

மகன் பிளஸ் டூ. மாவட்டக் கபடி அணிக்கு எடுத்திருக்கிறார்கள். பயிற்சி கொடுப்பவர் ஒரு மூலிகை பவுடரை 3,400 ரூபாய்க்குக் கொடுத்தார். இரண்டாம் நாளே தூக்கம் போய்விட்டது, கை நடுங்குகிறது, “நெஞ்சு படபடன்னு அடிக்குதும்மா” என்கிறான். அவரைக் கேட்டால் “மருந்து வேலை செய்யுது, பயப்படாதீங்க” என்கிறார். நான் சங்குக் கடையில் வேலை பார்க்கிறேன். வட்டிக்கு வாங்கிக் கொடுத்த பணம்.
— ஒரு தாய், தங்கச்சிமடம்

அம்மா, பவுடரை இன்றைக்கே நிறுத்துங்கள். தாமதிக்காமல் பையனை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் ரத்த அழுத்தமும் ஈசிஜியும் பார்க்கச் சொல்லுங்கள். டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள். “ஏதோ சத்து பவுடர்” என்றால் டாக்டர் பாவம் என்ன செய்வார்? பணம், புகார் எல்லாம் அதற்குப் பிறகு.

நீங்கள் அனுப்பிய லேபிள் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முன்பக்கம் பிடரி பறக்க ஒரு குதிரை. பின்பக்கம் எறும்பு வரிசை மாதிரி எழுத்து: ‘சிறப்பு மூலிகைக் கலவை – 1,500 மி.கி.’ அதன்கீழே பதினொரு பெயர்கள். குவாரனா, பச்சைத் தேயிலைச் சாறு, காப்பிக் கொட்டைச் சாறு, கசப்பு ஆரஞ்சு என்று போகிறது. எதில் எவ்வளவு? அது மட்டும் இல்லை. கேட்டால் ‘கம்பெனி ரகசியம்’ என்பார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ரத்தம் கொதிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பரோட்டாக் கடை சால்னாவின் பக்குவம் ரகசியமாக இருக்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை. பிள்ளையின் இதயத்தை ஓட்டும் சரக்கின் அளவு எப்படி ரகசியமாகும்? குவாரனா விதையில் இருப்பது காஃபீன். தேயிலையிலும் காஃபீன். காப்பிக் கொட்டையிலும் அதுவே. ஒரே சரக்கை மூன்று பெயரில் மூன்று வரியாக எழுதி, கூட்டுத்தொகையை மறைத்துவிட்டார்கள். ஆரோக்கியமான பெரியவருக்கே நாளைக்கு 400 மி.கி. காஃபீன் வரைதான் பொதுவாகப் பாதகமில்லை என்பது கணக்கு. இந்த மாதிரி பவுடர்களில் ஒரு ஸ்கூப்பிலேயே 200, 300 மி.கி. இருப்பது சகஜம். பையனுக்கு 17 வயது, காலையும் மாலையுமாக இரண்டு ஸ்கூப், மேலே வீட்டுக் காப்பி. போதாததற்குக் கசப்பு ஆரஞ்சு. அதிலிருக்கும் சினெஃப்ரின், எஃபெட்ரா செடியிலிருந்து வரும் ஊக்கப் பொருளான எஃபெட்ரினுக்குப் பங்காளி முறை, காஃபீனோடு சேர்ந்தால் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடியது. கடையில் விற்கும் எனர்ஜி டிரிங்க்கில்கூட லிட்டருக்கு 300 மி.கி.க்கு மேல் காஃபீன் போகக் கூடாது, குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. இந்த டப்பாவில் இருப்பது ஒரு குதிரை.

இன்னொன்று. உரிம எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்டிக்கர், அதன் ஓரத்தில் இன்னொரு ஸ்டிக்கரின் விளிம்பு தெரிகிறது. உரித்துப் பார்க்கக் கை அரிக்கும், உரிக்காதீர்கள். அது உங்கள் சாட்சி.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பணம் அனுப்பிய ஜிபே பதிவு, டப்பாவின் நான்கு பக்கப் படம், டாக்டர் சீட்டு, அந்த ஆள் “வேலை செய்யுது” என்று வாட்ஸ்அப்பில் சொன்னது எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள், அவர்களுக்கு மாதிரி எடுத்துச் சோதிக்க அதிகாரம் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் ராமநாதபுரத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் 2019 சட்டப்படி உங்கள் ஊரிலேயே வழக்குப் போடலாம்.

ஏமாந்ததை நினைத்துக் குமையாதீர்கள். லென்ஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நானே பத்து வருடத்துக்கு முன் ஒரு கண்காட்சி ஸ்டாலில் ‘கொழுப்பு கரைக்கும் மூலிகைத் தேநீர்’ மூன்று டப்பா வாங்கியவன். 1,800 ரூபாய். இரண்டு வாரத்தில் நாலு கிலோ இறங்கியது. தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஒருநாள் சித்த வைத்தியம் படித்த உறவுக்காரப் பெண் முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்: “மாமா, இது நிலாவரை. பேதிக்குக் கொடுக்கிறது.” நம் தென்மாவட்டக் கரிசலில் விளையும் இலை, நாட்டு மருந்துக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். நான் கரைத்தது கொழுப்பை இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

60 கிலோ பிரிவில் ஆட ஒன்றரை கிலோ கூடுதலாக இருக்கிறேன். போட்டிக்கு இரண்டு நாள்தான். கொழுப்பு எரிக்கும் மூலிகை கேப்சூலும், நீர் போகும் மாத்திரையும் சேர்த்துப் போட்டால் இறங்கிவிடும் என்கிறார்கள். எது நல்ல பிராண்டு?
— திருப்புல்லாணி

பிராண்டு கேட்கிறீர்களா! 2003-இல் அமெரிக்காவில் ஸ்டீவ் பெக்லர் என்ற 23 வயது பேஸ்பால் வீரர், எடை குறைக்க எஃபெட்ரா மூலிகை கேப்சூல் எடுத்துக்கொண்டு புளோரிடா வெயிலில் பயிற்சிக்கு இறங்கினார். உடம்புச் சூடு தலைக்கேறி மறுநாள் இறந்தார். எஃபெட்ராவுக்கும் அதில் பங்கு உண்டு என்றார் பரிசோதித்த டாக்டர். சீன வைத்தியத்தில் ஆயிரக்கணக்கான வருடம் புழங்கும் செடிதான், ஆனாலும் 2004-இல் அங்கே சத்து டப்பாக்களில் அதைத் தடை செய்தார்கள். நம் ஊர் வைகாசி வெயிலில், உடம்பில் தண்ணீரையும் மாத்திரை போட்டு வடித்துவிட்டு, 60 கிலோக்காரனைப் பிடிக்கப் போகிறீர்களா? அந்த நீர் மாத்திரையும் விளையாட்டில் தடைதான். 65 கிலோவில் ஆடுங்கள்.

கடல் அட்டை பவுடர் சாப்பிட்டால் தம் கூடுமாம். மண்டபம் பக்கம் ஒருவர் கிராம் கணக்கில் தருகிறார். வாங்கலாமா?
— பெயர் வேண்டாம் என்றவர்

பெயர் வேண்டாம் என்றபோதே உங்களுக்கு விடை தெரிந்திருக்கிறது. 2001 முதல் கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. பிடித்தாலும் விற்றாலும் வைத்திருந்தாலும் குற்றம். கடல் குதிரைக்கும் இதேதான்.

எங்கள் ஊருக்கு வரும் வைத்தியர் ‘நரம்பு முறுக்கு லேகியம்’ தருகிறார். சுத்தி செய்த எட்டிக்கொட்டை சேர்ந்ததாம். ஓட்டப் போட்டிக்கு முன் நெல்லிக்காய் அளவு. சித்த மருந்து என்பதால் பயமில்லை அல்லவா?
— பாம்பன்

சித்த மருத்துவத்தில் எனக்கு மரியாதை உண்டு. எட்டியை அது மருந்தாக எடுத்தாள்கிறது என்பதும் உண்மை. அதைவிட முக்கியம், எட்டியை நஞ்சு என்று சொன்னதும் அதே மருத்துவம்தான். அதனால்தான் மருந்துச் சட்டத்தின் நச்சுப் பொருள் அட்டவணையில் எட்டி இருக்கிறது. அது சேர்ந்த மருந்தின் மேல் ‘மருத்துவர் மேற்பார்வையில் மட்டும்’ என்ற எச்சரிக்கை வேண்டும். உங்கள் லேகியம் எதில் வருகிறது? பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எட்டியிலிருந்து வருவது ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சு. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மராத்தானில் தாமஸ் ஹிக்ஸ் தள்ளாடியபோது, கூட வந்தவர்கள் முட்டை வெள்ளைக்கருவில் ஸ்ட்ரிக்னினும், பிராந்தியும் கொடுத்துத் தூக்கி நிறுத்தி ஓட வைத்தார்கள். எல்லையைத் தாண்டியதும் விழுந்தார், டாக்டர்கள் பிழைக்க வைத்தார்கள். அவருக்கு முன்னால் வந்தவரோ பாதி வழி காரில் வந்தவர் என்று தெரிந்து விலக்கப்பட, தங்கம் ஹிக்ஸுக்குப் போனது. இன்றைக்கு ஸ்ட்ரிக்னின் தடைப்பட்டியலில் இருக்கிறது. நெல்லிக்காய் அளவாம்! எந்த மரத்து நெல்லிக்காய்? அரைநெல்லியா, பெருநெல்லியா?

இன்ஸ்டாவில் பார்த்து மூன்று டப்பா ஆர்டர் செய்தேன். 5,100 ரூபாய் ஒரு தனி நபர் எண்ணுக்கு அனுப்பினேன். பில் தரவில்லை. வந்தது ஒரு டப்பா, அதுவும் தேதி முடிந்தது. இப்போது எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.
— தேவிபட்டினம்

தை மாதம் ‘ஒரிஜினல்’ ஷூவுக்காக இதே கதையை எழுதியவர் நீங்கள்தானே? அப்போது சொன்ன மூன்றையும் திரும்பச் சொல்கிறேன்: பில், முகவரி, கடையின் பெயரில் கணக்கு. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் காசு அனுப்பாதீர்கள். இப்போது 1930-க்கு அழையுங்கள், இணைய மோசடிக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது, நீங்களோ பதினெட்டு நாள் கழித்து எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். வந்த டப்பாவை “வீணாக்க மனமில்லாமல்” தம்பிக்குக் கொடுத்ததாக ஒரு வரி. அதைப் படித்தபின் உங்கள் மேல் பரிதாபப்பட என்னால் முடியவில்லை.

காப்பி குடித்தால் தப்பில்லை, மூலிகை குடித்தால் தப்பா? எதிர் டீமில் எல்லாரும் எடுக்கிறார்கள். ஊர் டோர்னமெண்ட்டில் யாரும் டெஸ்ட் எடுப்பதுமில்லை.
— கல்லூரி மாணவர், தொண்டி

தம்பி, நல்ல கேள்வி, கொஞ்சம் குயுக்தியும் இருக்கிறது. காஃபீனை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2004-லேயே தடைப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, கண்காணிப்பதோடு சரி. ஆகவே காப்பி குடியுங்கள். எஃபெட்ரின் போட்டி நாளில் சிறுநீரில் மில்லிக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டினால் குற்றம். ஹைஜினமைன் என்ற ஊக்கப் பொருள் 2017 முதல் பெயர் சொல்லித் தடை, அது தாமரையிலும் இருக்கிறது. செடியிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்று சோதனைக்கூடம் கேட்பதில்லை.

யார் கொடுத்தது என்றும் கேட்பதில்லை. 2011-இல் ஆறு இந்திய ஓட்டக்காரப் பெண்கள் ஸ்டீராய்டு சோதனையில் மாட்டினார்கள். முந்தைய வருடம் டெல்லி காமன்வெல்த்திலும் குவாங்சோ ஆசிய விளையாட்டிலும் 4×400 தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர்கள் அதில் இருந்தார்கள். பயிற்சியாளர் சீனாவில் வாங்கி வந்த ஜின்செங் மூலிகையில் இருந்ததுதான் என்றார்கள். இங்கே ஓராண்டுத் தடை, மேல்முறையீட்டில் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2012-இல் அதை இரண்டாக்கியது. லண்டன் ஒலிம்பிக் கண்ணெதிரே போனது. உடம்பில் இருப்பது உன்னுடையது என்பதுதான் விதி. கடுமையான விதி, எனக்கே சில நாள் அநியாயமாகப் படும். ஆனால் இதைத் தளர்த்தினால் அடுத்த நாள் ஊக்கமருந்து அத்தனையும் ‘மூலிகை’ என்ற லேபிளோடு வந்து நிற்கும். 2023-இல் இந்தியாவில் சோதித்த 5,606 மாதிரிகளில் 213 மாட்டியிருக்கின்றன, சின்னக் கணக்கில்லை அது.

டெஸ்ட் இல்லாத ஊர் ஆட்டம் பற்றிக் கேட்டீர்கள். அங்கே பிடிக்க ஆளில்லை, சரி. காலையில் வலை இழுத்துவிட்டு, பழைய கஞ்சி குடித்துவிட்டு, கடன் வாங்கிய பனியனில் வந்து ஆடுகிற பையன் எதிரே நிற்கிறான். 3,400 ரூபாய் டப்பா அவனால் வாங்க முடியாது. அவனிடமிருந்து பரிசுக் கிடாயைத் தட்டிக்கொண்டு போவதற்கு நான் வேறு பெயர் வைத்திருக்கிறேன், பத்திரிகையில் எழுத முடியாது. எல்லாரும் எடுக்கிறார்கள் என்பதை முதலில் உங்களுக்குச் சொன்னது யார் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் டப்பா விற்பவராகத்தான் இருப்பார். பயிற்சியாளர் டப்பா விற்க ஆரம்பித்தால் அவர் கடைக்காரர். கடைக்காரரிடம் போய் யாரும் கபடி கற்பதில்லை.

கடலில் நீச்சல் பயிற்சிக்குப் போகும் எங்கள் பையன்களுக்கு அப்படியானால் எதைத்தான் கொடுப்பது?
— ராமேஸ்வரம்

சோறு, மீன், தூக்கம். பசியெடுத்தால் கடலை மிட்டாய். உப்புப் போட்ட மோர்.

தீர்ந்துபோன டப்பாக்களை என்ன செய்வது?
— சாயல்குடி

புகார் இருந்தால் வழக்கு முடியும் வரை கழுவாமல் வையுங்கள். இல்லையென்றால் லேபிளைக் கிழித்துவிட்டுப் புழங்கலாம். என் தேநீர் டப்பா மூன்றிலும் கல் உப்பு, குண்டு மிளகாய், நெத்திலிக் கருவாடு இருக்கிறது. 1,800 ரூபாய்க்கு மூடி நன்றாகத்தான் இறுகுகிறது.