கடலை நடிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி? – சிறு குழந்தைகள், கடல் வாழிடங்கள், நாடகம்: கேள்வி பதில்

கடல் உயிர்களின் வாழிடங்களையும், கடல் வளம் குன்றாமல் காக்கும் முறைகளையும் சிறு குழந்தைகளுக்கு நாடகத்தின் வழியாகக் கற்பிப்பது குறித்து ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் கடல் உயிரியல் படித்துவிட்டு, பதினெட்டு ஆண்டுகளாக நான்கு முதல் பத்து வயது வரையிலான குழந்தைகளுடன் வகுப்பறை நாடகம் செய்து வருபவள். ஒரே பொருள்படும் கேள்விகளை ஒன்றாக இணைத்திருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் அம்மா. நான் மழலையர் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பில் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள். பலர் கடலையே பார்த்ததில்லை. எங்கிருந்து தொடங்குவது?

வணக்கம். மீன், ஆமை, திமிங்கிலம் என்று உயிரினங்களிலிருந்து தொடங்காமல், இடத்திலிருந்து தொடங்குங்கள். ‘வாழிடம்’ என்ற சொல்லை இந்த வயதில் விளக்கிப் புரியவைப்பது கடினம். ஆனால் ‘நீ இருக்கும் இடத்தில் இப்போது என்ன நடக்கிறது?’ என்று கேட்டால் நான்கு வயதுக் குழந்தை உடம்பாலேயே பதில் சொல்லிவிடும். இதற்கு எனக்கு மிகவும் கைகொடுத்தது பாறைக் கடற்கரையின் ஓதப் பகுதிதான். பெரும்பாலான கடற்கரைகளில் நாளொன்றுக்கு இரண்டு முறை நீர் ஏறி, இரண்டு முறை வடிகிறது. அகலமான நீலத் துணி ஒன்றை இரண்டு பெரியவர்கள் பிடித்துக்கொண்டு, தரையில் அமர்ந்திருக்கும் குழந்தைகளின் தலைக்கு மேலாக மெல்ல இழுத்து வந்தால் அது ஏற்றம். அதே துணி விலகிச் சென்றால் வற்றம்.

துணி மேலே இருக்கும்போது பூவைப் போலத் தோன்றும் விலங்கான கடற்சாமந்தி விரல்களை விரித்து அசைகிறது, பாறையில் ஒட்டியிருக்கும் கொட்டலசு என்ற ஓடுள்ள சிற்றுயிர் இறகு போன்ற கால்களை வெளியே நீட்டி உணவை வாரிக்கொள்கிறது, நண்டு உலாவுகிறது. துணி விலகியதும் கடற்சாமந்தி விரல்களை உள்ளிழுத்து உருண்டையாகிறது, கொட்டலசு ஓட்டுக் கதவைச் சாத்தி ஈரத்தைக் காத்துக்கொள்கிறது, நண்டு பாறையிடுக்கில் பதுங்குகிறது. வசனமே வேண்டாம். இரண்டு முறை ஒழுங்காகச் செய்தபின், மூன்றாவது முறை துணியை வேண்டுமென்றே தாமதமாகக் கொண்டுவாருங்கள். ஒருமுறை அப்படிச் செய்தபோது, முழங்காலைக் கட்டிக்கொண்டு உருண்டையாகக் கிடந்த ஒரு சிறுமி தலையை மட்டும் தூக்கி, “தண்ணி எப்ப வரும்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது. அதற்குமேல் விளக்கம் சொல்லாமல் துணியைக் கொண்டுவந்துவிடுங்கள்.

கேள்வி: பவளப்பாறை பற்றி ஒரு நாடகம் தயாரிக்கிறோம். எல்லாப் பிள்ளைகளும் சுறாவாகவோ ஓங்கிலாகவோ (டால்பின்) இருக்கவே விரும்புகிறார்கள். பவளமாக நிற்க யாரும் முன்வரவில்லை. என்ன செய்யலாம்?

பவளத்தை மேடையின் பின்னணியாக எழுதியிருப்பீர்கள். பிள்ளைகள் அதைச் சரியாகவே கண்டுகொண்டார்கள். கையைத் தூக்கிக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் நிற்பது யாருக்குத்தான் பிடிக்கும்? உண்மையில் அந்த இடத்தில் நடப்பவற்றில் மிகச் சுவையான கதை பவளத்துடையது. பவளம் செடியும் அன்று, கல்லும் அன்று. சின்னஞ்சிறு விலங்குகள் கூட்டமாகச் சேர்ந்து சுண்ணாம்பாலான வீட்டைக் கட்டி வாழ்கின்றன. அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. பாசிக்குப் பவளம் இடமும் பாதுகாப்பும் தருகிறது. சூரிய ஒளியில் பாசி சமைக்கும் உணவுதான் பவளத்துக்குத் தேவையான ஆற்றலில் பெரும்பகுதி. பவளத்தின் நிறத்திலும் பெரும்பங்கு அந்தப் பாசியுடையதே.

ஆகவே பிள்ளைகளை இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் வெள்ளைத் துணி போர்த்திய பவளம். மற்றவர் வண்ணத் துணியுடன் அவர் முதுகோடு முதுகு சாய்ந்திருக்கும் பாசி. பாசி கையை உயர்த்தி ஒளியை வாங்கிப் பவளத்தின் கையில் வைக்கட்டும். பிறகு ஒரு பறையையோ மேசையையோ தட்டித் தாளத்தை மெல்ல விரைவாக்குங்கள். அது நீர் சூடாவதன் அறிகுறி. வழக்கமான கோடைகால உச்சத்தைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதலான வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன் பாசிகளை வெளியேற்றிவிடும். பாசிகள் ஒவ்வொருவராக விலகிச் செல்ல, மேடை முழுவதும் வெள்ளைத் துணிகள் மட்டும் எஞ்சும்.

இந்த இடத்தில்தான் பல நாடகங்கள் தவறுகின்றன: பவளம் செத்து விழுந்ததாகக் காட்டிவிடுகிறார்கள். வெளுத்த பவளம் உயிரோடுதான் இருக்கிறது, பசியோடு இருக்கிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசிகள் திரும்பும், பவளம் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியால் இறக்கும். தாளத்தை மெதுவாக்கும் பொறுப்பைப் பார்வையாளர்களாக அமர்ந்திருக்கும் மற்ற பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். பிறகு வேடங்களை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். சுறாவாக வேண்டும் என்றவர்களும் பாசியாக வர அடம்பிடிப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கடலடிப் பரப்பில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான இடத்தில் இருக்கும் பவளத்திட்டுகளை, கடல் உயிரின வகைகளில் ஏறத்தாழ கால் பங்கு ஏதேனும் ஒரு பருவத்தில் சார்ந்திருக்கின்றன என்பதை அதன்பின் சொன்னால் அவர்கள் காதில் ஏறும்.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் அவள் ஆமையாக நடித்தாள். பிளாஸ்டிக் பையை விழுங்கி ஆமை இறப்பதுதான் முடிவு. ஒரு வாரமாக இரவில் அழுகிறாள். உண்மையைச் சொல்லித்தானே ஆக வேண்டும் என்கிறார்கள் ஆசிரியர்கள்.

உங்கள் மகளின் வருத்தம் எனக்குப் புரிகிறது. அவளைத் தேற்றும்போது அழுகையைக் குறை சொல்லாதீர்கள். உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் எந்த வயதில் எந்த உண்மை என்று ஒரு முறை இருக்கிறது. இயற்கையோடு அன்பு ஏற்படும் முன்பே அதன் அழிவைச் சிறு பிள்ளைகளின் தலையில் ஏற்றினால் அவர்கள் இயற்கையைக் கண்டு அஞ்சி விலகிவிடுவார்கள் என்று அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபல் 1990-களிலேயே எச்சரித்தார். என் அனுபவமும் அதுவே. ஆறு வயதுக் குழந்தையின் கைக்கு எட்டாத பேரழிவை அவளையே நடிக்கச் சொல்வது, தீர்வில்லாத குற்றவுணர்வைச் சுமக்கச் சொல்வதாகும்.

அதே ஆமையை வைத்து வேறொரு காட்சியை வீட்டிலேயே அவளுடன் நடித்துப் பாருங்கள். ஆமைக் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் மணலிலிருந்து வெளிவருகின்றன. வெளிச்சமாகத் தெரியும் தாழ்ந்த தொடுவானத்தை நோக்கி ஊர்ந்து செல்கின்றன. இயற்கையான கடற்கரையில் அந்த வெளிச்சம் கடலின் பக்கமே இருக்கும். கரையில் மின்விளக்கு எரிந்தால் குஞ்சுகள் திசை தவறிவிடும். அறையை இருட்டாக்கி, ஒரு மூலையில் மங்கலான விளக்கைக் கடலாக வையுங்கள். எதிர்மூலையில் பளிச்சென்ற விளக்கு ஒன்றை ஏற்றுங்கள். அவள் குஞ்சாகத் தவழ்ந்து தவறான பக்கம் போகட்டும். பின்னர் எழுந்து, அந்த விளக்கைத் தன் கையாலேயே அணைத்துவிட்டு, மீண்டும் தவழட்டும். இரவில் அவள் மனத்தில் நிற்க வேண்டிய ஆமை கடலைச் சேர்ந்த ஆமைதான்.

கேள்வி: எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு ‘வளம் குன்றாமை’ என்பதை வெறும் முழக்கமாக இல்லாமல் எப்படிக் கற்பிப்பது?

முழக்க அட்டைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நிற்பதை நாடகம் என்று நான் ஏற்பதில்லை. இந்த வயதில் பிள்ளைகளுக்கு முடிவெடுக்கும் பொறுப்பைக் கொடுக்கலாம். இங்கிலாந்தின் நாடகக் கல்வியாளர் டாரதி ஹீத்கோட் (1926–2011) வகுத்துத் தந்த வழி இதற்கு மிகவும் பொருந்தும்: பிள்ளைகள் ஒரு துறையின் வல்லுநர்களாகப் பாவித்துக்கொள்வார்கள், ஆசிரியர், தாமும் ஒரு வேடமேற்று, அவர்களிடம் உதவி கேட்டு வருவார்.

வகுப்பை நான்கு மீனவக் குடும்பங்களாகப் பிரித்து, நடுவில் ஒரு பாத்திரத்தில் இருபது கூழாங்கற்களை வையுங்கள், அவைதாம் மீன்கள். ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வொரு குடும்பமும் விரும்பிய அளவு எடுக்கலாம். எஞ்சியவை இரட்டிப்பாகும், ஆனால் இருபதுக்கு மேல் அந்தக் கடல் தாங்காது. ஆளுக்கு இரண்டு எடுத்தால் பன்னிரண்டு எஞ்சி, மறுபடி இருபது ஆகிவிடும். ஆளுக்கு நான்கு எடுத்தால் நான்கே எஞ்சி எட்டாகும். அடுத்த பருவத்தில் ஆளுக்கு இரண்டு எடுத்தாலும் கடல் காலி. எட்டே மீன் இருக்கும் அந்தக் கணத்தில் ஆட்டத்தை நிறுத்துங்கள். நீங்கள் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, வயதான மீனவராக வந்து, “இரண்டு பருவம் வலை போடாமல் இருந்தால் பழைய நிலைக்கு வருமாம், ஆனால் என் வீட்டு உலையில் என்ன வைப்பது?” என்று அவர்களிடம் கேளுங்கள். அங்கேதான் நாடகம் தொடங்குகிறது.

ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: மீனவரை வில்லனாக்காதீர்கள். 1992-இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன்வளம் சரிந்து, கனடா அரசு அங்கே மீன்பிடிப்பை நிறுத்தியபோது, முப்பதாயிரம் பேருக்குமேல் வேலை இழந்தார்கள். கடல் காலியானால் முதலில் காலியாவது மீனவர் வீட்டு உலைதான் என்பதைப் பிள்ளைகள் அந்த வேடத்தில் நின்று உணர வேண்டும்.

கேள்வி: மீன்கள் பேசுவதுபோல் எழுதலாமா? அறிவியலுக்கு மாறாகாதா?

பேசலாம், அது மேடை மரபு என்று குழந்தைகளுக்குத் தெரியும். ஆனால் பேசுகிற மீன், தன் இயல்புக்கு மாறாக நடந்துகொள்ளக் கூடாது. இரையைத் தின்னும் உயிரைக் கெட்டவனாகச் சித்திரிப்பதுதான் நான் அதிகமாகக் காணும் பிழை. வட பசிபிக் கரையோரம் மென்மயிர்த் தோலுக்காகக் கடல் நீர்நாய்களை ஏறக்குறைய வேட்டையாடித் தீர்த்தபோது, அவை தின்று கட்டுக்குள் வைத்திருந்த கடல் முள்ளெலிகள் என்ற, உடலெங்கும் முள் கொண்ட சிறு கடலுயிர்கள் பெருகி, கெல்ப் எனப்படும் மாபெரும் கடற்பாசிக் காடுகளை மேய்ந்து அழித்தன. 1911-இல் ஏற்பட்ட பன்னாட்டு உடன்படிக்கைக்குப் பின் நீர்நாய்கள் மீண்ட இடங்களில் காடும் மீண்டது. தின்பவன் இல்லாமல் போனால் காடே இல்லாமல் போகும் என்பதை ஒரு பத்து நிமிடக் காட்சியாகச் செய்யலாம். இன்னொன்று: கடற்புல்லையும் கடற்பாசியையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். கடற்புல்லுக்கு வேரும் பூவும் விதையும் உண்டு.

கேள்வி: அரங்கப் பொருள்களுக்கு எதைப் பயன்படுத்துவது?

வீட்டில் இருக்கும் பழைய துணி, அட்டைப் பெட்டி, கயிறு போதும். தெர்மகோல் வேண்டாம். மினுக்கும் ஜிகினாத் தூளும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். கடலைக் காக்கும் நாடகம் முடிந்து மேடையைக் கழுவும்போது அது சாக்கடை வழியாக எங்கே போகும் என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. எந்த உயிரினமாகவும் நடிக்க மறுக்கிறான். “நான் பாறையாகத்தான் இருப்பேன்” என்கிறான். ஆசிரியைக்கு வருத்தம். வற்புறுத்தலாமா?

வற்புறுத்தாதீர்கள். கூச்சமுள்ள குழந்தை அசையாமல் இருந்து பார்க்க விரும்புகிறது. அதற்கும் நாடகத்தில் இடம் உண்டு. அதோடு, அவன் எடுத்திருப்பது சிறிய வேடமும் அன்று. நீரில் மிதந்து திரியும் பவளக் குஞ்சு ஒட்டிக்கொள்ள ஒரு கெட்டியான தளத்தைத் தேடுகிறது. அது கிடைக்காவிட்டால் பவளத்திட்டு உருவாகவே முடியாது. அடுத்த ஒத்திகையில் ஒரு சிறுமியைக் குஞ்சாக அவன் பக்கம் மெல்ல மிதந்து வரச் சொல்லுங்கள். அவள் அவன் தோளருகே நின்று, “இங்கே ஒட்டிக்கொள்ளட்டுமா?” என்று கேட்கட்டும். அவன் பதில் சொல்லும்வரை எல்லோரும் காத்திருங்கள்.