சோதனையில் தேறிய பழைய காரை நம்பி வாங்கலாமா?

கேள்வி: சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்ட 12 வயதுக் கார் ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். சென்ற மாதம்தான் கட்டாயச் சோதனையில் தேறியதாக விற்பவர் கூறுகிறார். அதை நம்பலாமா?
- ஈசூன் வாசகர்

பதில்: நம்பலாம், ஆனால் அது எதைச் சொல்கிறதோ அதற்கு மட்டும். சோதனை நாளன்று பிரேக், புகை, முகப்பு விளக்கு, டயர், அடிப்பாகம் ஆகியவை விதித்த அளவில் இருந்தன என்பதே அதன் பொருள். சிங்கப்பூரில் 3 வயது முதல் 10 வயது வரை ஈராண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் இச்சோதனை உண்டு. தேறாவிட்டால் சாலை வரியைப் புதுப்பிக்க இயலாது. எனினும் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ அங்கே கழற்றிப் பார்ப்பதில்லை. நான் முன்பு வாங்கிய 11 வயதுக் கார், சோதனையில் தேறிய மூன்றாம் வாரமே விரைவுச்சாலையில் கொதித்து நின்றது. பானட்டைத் திறந்தபோது, ரேடியேட்டரின் ரப்பர்க் குழாய் விரலால் அழுத்தினாலே பிளக்கும் அளவுக்கு இற்றுப்போயிருந்தது.

ஆகவே, முன்பணம் கொடுப்பதற்கு முன், விற்பவருக்குத் தொடர்பில்லாத பட்டறையில் காரை உயர்த்தி எண்ணெய்க் கசிவையும் துருவையும் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் நீங்களே அதை இயக்கிப் பாருங்கள். சிஓஇ 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டதா என்பதையும் கேளுங்கள். அவ்வாறாயின் அதை மீண்டும் நீட்டிக்க முடியாது.