மூன்றாம் அத்தியாயத்திலேயே பேய் வந்துவிட்டால்

நீங்கள் எழுதும் திகில் நாவலில் பேய் வந்ததும் பயம் போய்விடுகிறது என்றால் பேயைத் தள்ளிப் போடுங்கள், அதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் ஒரு சாதாரணப் பொருளைச் சந்தேகப்பட வையுங்கள்.

முகம், கூந்தல், வெள்ளைப் புடவை எல்லாவற்றையும் ஒரே பத்தியில் காட்டியிருப்பீர்கள். அப்புறம் வாசகர் கற்பனை செய்ய என்ன மிச்சம்?

அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங் 1974இல் கொலராடோவின் ஸ்டான்லி ஹோட்டலில், சீசன் முடிந்து ஆளே இல்லாத நேரத்தில், 217ஆம் அறையில் தங்கியபோது கனவில் அவர் மகனைத் துரத்தியது ஒரு தீயணைப்புக் குழாய்; 'தி ஷைனிங்' கிளம்பியது அங்கிருந்துதான், நாவலிலும் ஹோட்டல் நடைபாதையில் கிடக்கும் அந்தக் குழாயைத் தாண்டிப் போகச் சிறுவன் நடுங்குவான்.

பேய் வரும் வரிகளை அடித்துவிட்டுச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். கொஞ்சமாவது உதறினால் சரி. இல்லையென்றால் அந்த வீட்டையே இன்னும் எழுதவில்லை என்று அர்த்தம்.

ரொம்பவும் இழுக்காதீர்கள், பாதி நாவல் வரை கதவு மட்டுமே கிரீச்சிட்டுக்கொண்டிருந்தால் ஆள் தூங்கிவிடுவார்.