‘ரன்’ என்றால் ஓடு மட்டும்தானா? கேள்வி பதில்

இந்த முறை ‘ரன்’ என்ற ஒரே வினைச்சொல்லைப் பற்றி மட்டும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

சார், ‘ரன்’னுக்கு 600 அர்த்தத்துக்கு மேல் இருக்கிறது என்று நண்பன் அடித்துச் சொல்கிறான். கதை விடுகிறானா?

கதை இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ என்ற வினைச்சொல்தான் 430 பொருள்களோடு முதலிடத்தில் இருந்தது. பிறகு திருத்தும் வேலை நடந்தபோது ‘ரன்’ 645-ஐத் தொட்டு அதை முந்திவிட்டது. 2011-இல் செய்தியாகவே வந்தது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தார். ஆனால் பயப்பட வேண்டாம். மிக நுண்ணிய வேறுபாட்டைக்கூடத் தனியாக எண்ணிய கணக்கு அது.

இத்தனையையும் எப்படி சார் மனப்பாடம் செய்வது? அடுத்த மாதம் வங்கித் தேர்வு.

மனப்பாடம் செய்யாதீர்கள். பாதி வேலையைத் தமிழ் ஏற்கெனவே முடித்து வைத்திருக்கிறது. பஸ் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, நரம்பில் ரத்தம் ஓடுகிறது, மலையடிவாரத்தில் பாதை ஓடுகிறது. இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’தான். காலோடு சம்பந்தமே இல்லை, இடைவிடாத நகர்வுதான் அடிப்படை.

நாம் இன்னொரு சொல்லையும் வைத்திருக்கிறோம்: ஓட்டு. கடையை ஓட்டுகிறார், குடும்பத்தை ஓட்டுகிறார். பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதுதான். பழைய ஆங்கிலத்திலும் இப்படி இரண்டு சொற்கள் இருந்தன. தானாக ஓடுவதற்கும் வழிவதற்கும் ‘ரின்னன்’, குதிரையை ஓட்டிப் போவதற்கு ‘ஆர்னன்’. காலப்போக்கில் இரண்டும் ஒன்றாகக் கலந்து ‘ரன்’ ஆகிவிட்டது. நமக்குக் குழப்பம் வருவதே இந்தக் கலப்பால்தான். அதனால் வாக்கியத்தைப் பார்த்ததும், பின்னால் செயப்படுபொருள் இருக்கிறதா என்று பாருங்கள். ‘த ஷாப் ரன்ஸ் வெல்’ என்றால் கடை நன்றாக ஓடுகிறது. ‘ஷி ரன்ஸ் த ஷாப்’ என்றால் அவர் கடையை நடத்துகிறார். ‘ரன் எ டெஸ்ட்’, ‘ரன் எ ப்ரோகிராம்’ எல்லாம் இந்த இரண்டாவது வகை.

சேர், யாழ்ப்பாணத்தில நாங்கள் ‘கார் ஓடத் தெரியுமோ’ எண்டுதான் கேப்பம். அப்ப ‘ஐ கேன் ரன் எ கார்’ எண்டு சொல்லலாமோ?

அருமையான கேள்வி. உங்கள் ஊர்ப் பேச்சிலும் ஓடு, ஓட்டு இரண்டும் இந்த இடத்தில் ஒன்றாகிவிட்டன பாருங்கள், ஆங்கிலத்தில் நடந்தது போலவே! ஆனால் கார் ஓடுவதற்கு ‘டிரைவ்’தான். பிரிட்டனில் ‘ரன் எ கார்’ என்றால் கார் வைத்துப் பராமரிப்பது, அதாவது பெட்ரோல், இன்சூரன்ஸ், ரிப்பேர் என்று செலவு செய்வது. ‘ஐ கான்ட் அஃபோர்ட் டு ரன் எ கார்’ என்பவருக்கு நன்றாகவே ஓடத் தெரிந்திருக்கலாம், கையில் காசுதான் இல்லை. அதே நாட்டில் ‘ஐ வில் ரன் யூ டு த ஸ்டேஷன்’ என்று ஒருவர் சொன்னால், உங்களைக் காரில் ஸ்டேஷனில் இறக்கிவிடுகிறேன் என்கிறார்.

கடைத்தெருவில் பழைய டீச்சரைப் பார்த்த சந்தோஷத்தில் ‘ஐ ரேன் ஓவர் மை டீச்சர்’ என்று ஸ்டேட்டஸ் போட்டேன். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

டீச்சர் நலம்தானே? நீங்கள் எழுதியதற்கு ‘டீச்சர் மேல் வண்டியை ஏற்றிவிட்டேன்’ என்று பொருள். எதிர்பாராமல் சந்தித்தால் ‘ரேன் இன்டு’. ஆனால் அங்கே ஆளுக்குப் பதிலாகச் சுவர் வந்தால் மோதினேன் என்று ஆகிவிடும். ‘ரன் டவுன்’ இன்னும் வில்லங்கம்: வண்டியால் இடிப்பதும் அதுதான், ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவதும் அதுதான், பேட்டரி தீர்ந்துபோவதும் அதுதான். அப்புறம், ‘த மீட்டிங் ரேன் ஓவர்’ என்றால் யாருக்கும் அடிபடவில்லை. கூட்டம் நேரம் தாண்டிப் போயிற்று, அவ்வளவுதான்.

பால் தீர்ந்துவிட்டது என்பதற்கு ‘மில்க் இஸ் ஓவர்’ சரியா? ‘ரன் அவுட்’ கிரிக்கெட் சொல் இல்லையா?

‘ஓவர்’ நம் ஊரில் புரியும், வெளியூர்க்காரர் விழிப்பார். ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’ என்பதே இயல்பு. ஆளை முன்னால் வைத்தால் ‘ஆஃப்’ கட்டாயம். பாலையே எழுவாயாக்கினால் ‘த மில்க் ஹேஸ் ரன் அவுட்’ போதும். ‘ஹேஸ்’, ‘ஹேவ்’ பின்னால் வரும்போது ‘ரேன்’ கூடாது, ‘ரன்’தான். தேர்வில் நிறையப் பேர் மதிப்பெண் விடும் இடம் இது.

மேனேஜர் ‘லெட் மீ ரன் திஸ் பை யூ’ என்கிறார். தலையாட்டி வைக்கிறேன். தலையாட்டியது சரியா?

சரிதான், ஆனால் தலையாட்டினால் மட்டும் போதாது. ஒரு யோசனையைச் சொல்லி உங்கள் கருத்தைக் கேட்கிறார், பதில் சொல்லுங்கள். ‘ரன் த்ரூ’ என்றால் முதலிலிருந்து கடைசிவரை வேகமாக ஒரு பார்வை. ‘ஐ ஆம் ரன்னிங் லேட்’ என்பவர் ஓடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, டிராஃபிக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பவர்தான் பெரும்பாலும் அதைச் சொல்வார்.

தேர்தலில் நிற்பதற்கும் ‘ரன்’னா?

அமெரிக்காவில் ‘ரன்’, பிரிட்டனில் நம்மைப் போலவே ‘ஸ்டாண்ட்’. நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகைகளில் ‘கன்டெஸ்ட்’ அதிகம்.

‘ரன்னிங் நோஸ்’ தப்பாமே?

இந்திய ஆங்கிலத்தில் ஊறிப்போன சொல். மற்ற இடங்களில் ‘ரன்னி நோஸ்’ என்பார்கள். மூக்கு ஒழுகுவதும் துணியில் சாயம் கரைந்து பரவுவதும் பழைய ‘ரின்னன்’ காலத்து வழிதல்தான். காய்ச்சல் அடித்தால் ‘ரன்னிங் எ டெம்பரேச்சர்’. கிரிக்கெட் பிரியர்கள் ஒன்றை மட்டும் கவனிக்கவும்: ‘ஐ ஹேவ் த ரன்ஸ்’ என்று பெருமையாகச் சொல்லிவிடாதீர்கள். அதற்கு வயிற்றுப்போக்கு என்று பொருள்.

‘பேங்க் ரன்’ என்பது பேங்கை நடத்துவதா?

கவிழ்ப்பது என்றே சொல்லலாம். இங்கே ‘ரன்’ பெயர்ச்சொல். பணம் போய்விடுமோ என்ற பயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் எடுக்க ஓடுவது. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். மறுநாளே வங்கி மூடப்பட்டது. முக்கால்வாசிப் பேர் போனிலும் கம்ப்யூட்டரிலுமே கேட்டார்கள், வாசலுக்கு ஓடியவர்கள் கொஞ்சம்தான்.