412 படமும் அம்மாட காப்பும்

அன்புள்ள அக்கா,

நான் திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில இருந்து எழுதுறன். கம்பஸ் முடிச்சு ரெண்டு வருசம், வேலை ஒண்டும் சரிவரேல்ல. ஸ்டொக் போட்டோ, அதாவது சைட்டில ஏத்தி வைச்சா தேவைப்படுறவை காசு குடுத்து எடுக்கிற படம், வித்து வீட்டில இருந்தே உழைக்கலாம் எண்டு ஒரு வீடியோவில பாத்துட்டு அம்மாட காப்பு ரெண்டையும் அடைவு வைச்சு செக்கன்ட் ஹான்ட் கமரா ஒண்டு வாங்கினன். எட்டு மாசம் ஆகுது. சட்டர்ஸ்டொக்கிலயும் அடோபி ஸ்டொக்கிலயும் 412 படம் ஏத்தியிருக்கிறன், ரெண்டிலயும் சேத்து வந்தது 9 டொலர் 60 சதம். நிலாவெளி, கோணேசர் கோயில், கோட்டைக்குள்ள மான், புறாமலை எல்லாம் எடுத்திருக்கிறன், பாக்கிற எல்லாரும் வடிவா இருக்கெண்டுதான் சொல்லுகினம். என்ர லென்ஸ்தான் சரியில்லையோ எண்டு யோசிக்கிறன். அம்மா தோட்டையும் தாறன், வைச்சு நல்லதா ஒண்டு வாங்கு எண்டுறா. வாங்கட்டோ, இல்லாட்டி எல்லாத்தையும் விட்டுடட்டோ? ஆறு படம் அனுப்பியிருக்கிறன், பாத்துச் சொல்லுங்கோ. பேர் போடாதேங்கோ.

அன்புள்ள தங்கச்சி,

தோட்டை வாங்காதேங்கோ, அம்மா கையில கொண்டுவந்து தந்தாலும் வாங்காதேங்கோ. மிச்சத்தை ஆறுதலா எழுதுறன், ஆனா இதை முதல் சொல்லோணும், ஏனெண்டா உங்கட கடிதம் வாசிச்ச ராத்திரி எனக்கு நித்திரை வரேல்ல. உங்கட பிரச்சினை லென்ஸ் இல்லை. ஆறு படத்தையும் லப்டொப்பில முழுசாப் பெருப்பிச்சுப் பாத்தனான், போக்கஸ் சரி, லைட் சரி, நொய்ஸும் இல்லை, நான் தொடங்கின நேரம் எடுத்த படங்களை விட எவ்வளவோ மேல்.

நான் 2014 இல தொடங்கினனான். இப்ப என்ர படம் மூவாயிரத்துக்கு மேல ஒன்லைனில கிடக்கு. போன வருசம் முழுக்க எனக்கு அதால வந்தது 510 டொலர். ஒரு டொலர் 300 ரூபா எண்டு வைச்சாலும் மாசத்துக்கு 13,000 ரூபா கூட வராது. என்ர வீட்டில அடுப்பெரியிறது கலியாண வீடும் சாமத்திய வீடும் எடுக்கிறதாலதான், ஸ்டொக்கால இல்லை. பத்து வருசத்துக்கு மேல இதில நிக்கிற ஒராளின்ர கணக்கு இது, ஒளிக்காமச் சொல்லுறன், அந்த வீடியோவில ஆரும் இதை உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டினம்.

ஏன் இவ்வளவு குறைவெண்டு நீங்கள் விளங்கோணும். முந்தி சட்டர்ஸ்டொக்கில ஒரு டவுன்லோடுக்கு ஆகக் குறைஞ்சது 25 சதம் வரும், கன காலம் நிண்டு கனக்க வித்த ஆக்களுக்கு 38 சதம் வரைக்கும் ஏறும். 2020 ஜூன் 1 ஆம் திகதி அந்த முறையையே மாத்தினவை. இப்ப வாங்கிறவன் குடுக்கிற விலையில வீதக் கணக்கு, முதல் 100 டவுன்லோட் மட்டும் 15 வீதம், பிறகு படிப்படியா ஏறி 40 வீதம் வரைக்கும் போகும், ஆனா அந்த 40 ஐத் தொட ஒரு வருசத்துக்குள்ள 25,000 டவுன்லோடுக்கு மேல போகோணும், அதோட ஒவ்வொரு ஜனவரி 1 ஆம் திகதியும் எல்லாரையும் திரும்ப அடிப்படிக்கு இறக்கி விட்டுடுவினம். வாங்கிறவன் பெரிய சப்ஸ்கிரிப்ஷன் வைச்சிருந்தா ஒரு படம் அவனுக்கு மிச்சம் மலிவு, அதில 15 வீதம் எண்டா உங்களுக்கு 10 சதம்தான், 30 ரூபா. விடிய நாலு மணிக்கு எழும்பி தம்பலகாமத்தில இருந்து நிலாவெளிக்கு வந்து எடுத்த படத்துக்கு 30 ரூபா. அடோபியில போட்டோவுக்கு 33 வீதம், அது கொஞ்சம் பரவாயில்லை, ஆனா அங்க 25 டொலர் சேரும் வரைக்கும் காசை வெளிய எடுக்கேலாது, அதால உங்கட 9 டொலர் 60 இப்போதைக்கு திரையில தெரியிற இலக்கம் மட்டும்தான்.

எடுக்கிற நேரம் வந்தாலும் கவனம். பேபால் எக்கவுண்ட் இருந்தும் இலங்கையில காசு வாங்கேலாமக் கிடந்ததால நாங்கள் எல்லாரும் பேயோனியர் எண்ட, வெளிநாட்டுக் காசு வாங்கிற இன்னொரு சேவைக்குத்தான் போனனாங்கள். அதில வரவு குறைவா இருந்தா வருசக் கட்டணம் எண்டு ஒண்டு வெட்டுவினம், எக்கவுண்ட் திறக்க முதல் அதை வடிவா வாசியுங்கோ. அமெரிக்க வரிப் போம் டபிள்யூ-8 பென்னையும் நிரப்பி விடுங்கோ, நிரப்பாட்டி அமெரிக்காவில விக்கிற படத்துக்கு 30 வீதம் போயிடும், இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருக்கு, அதைப் போமில குறிச்சா குறையும்.

சரி, இப்ப உங்கட படங்களுக்கு வாறன். அஞ்சு படம் நான் எதிர்பார்த்ததுதான். நிலாவெளியில கடலுக்குள்ளால சூரியன் வாறது ரெண்டு, சுவாமி மலையில இருந்து கீழ பாத்த கடல், கோட்டை வாசலில மான், புறாமலைக்குப் போற போட். அஞ்சும் வடிவு. ஆனா வடிவைத் தேடிக்கொண்டு ஆரும் ஸ்டொக் சைட்டுக்கு வாறேல்ல தங்கச்சி, வாறவனுக்கு ஒரு அவசரம் இருக்கு, நாளைக்குக் காலமை ஒரு கட்டுரைக்கோ புத்தகத்துக்கோ நோட்டீசுக்கோ படம் வைக்கோணும், பக்கத்தில எழுத்துப் போட இடமும் விட்டிருக்கோணும், அதுக்குப் பொருந்திறதைத்தான் எடுப்பான். கடற்கரையில சூரியன் எழும்பிற படம் உலகத்தில எல்லாக் கரையில இருந்தும் கோடிக்கணக்கில கிடக்கு, மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் இங்க வாற வெள்ளைக்காரரே அதைத்தான் எடுத்து ஏத்துகினம். அதுக்கு மேல இப்ப ஏஐ. 2022 டிசம்பரில இருந்து அடோபி ஏஐ படங்களையும் லேபிள் போட்டா விக்க விடுது, ஒரு நல்ல கடற்கரைச் சூரியனைச் செய்ய அதுக்கு ஒரு நிமிசம் போதும். அந்தச் சந்தையில உங்கட புது லென்ஸ் ஒண்டும் செய்யாது.

எனக்கு ஆகக் கூட வித்தது எது தெரியுமோ, 2022 இல பெற்றோல் கியூ. வெறும் கான்களைக் கயித்தில கோத்து வரிசையில வைச்சிருந்தது, காஸ் சிலிண்டரோட ஆக்கள் வெயிலில இருந்தது, ஒண்டும் வடிவில்லை, சிலது சரிஞ்சுங்கூட இருக்கு. செய்திக்குப் பாவிக்கிறதுக்கு மட்டும் எண்டு எடிட்டோரியலாப் போட்டதால கையெழுத்து ஒண்டும் தேவைப்படேல்ல, அந்தக் கிழமைகளில வெளிநாட்டுப் பேப்பர்காரருக்கு இலங்கையில இருந்து அது தேவைப்பட்டது, எடுத்தவை.

இப்ப ஆறாவது படம். அதை ஏன் கடைசியா, ஏதோ கூடுதலாக் கிடந்ததெண்டு அனுப்பின மாதிரி அனுப்பினீங்கள்? அம்மா முத்தத்தில இருந்து கிடுகு பின்னுறா. முகம் இல்லை, ரெண்டு கை, மடியில ஓலை, பெருவிரலால ஒரு ஈர்க்கை அமத்திப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால அடுத்ததைக் கீழால விடுறா, ஈரம் காயாத ஓலையில வெயில் பட்டு ஒரு பக்கம் பச்சை, மற்றப் பக்கம் கிட்டத்தட்ட வெள்ளை. மணிக்கட்டில ஒரு தழும்பு மாதிரி வெளிறின வளையம், காப்புக் கிடந்த இடம். அதைப் பாத்திட்டு நான் கொஞ்ச நேரம் லப்டொப்பை மூடி வைச்சிட்டன்.

பிறகு உங்கட பக்கத்துக்குப் போய் அந்தப் படத்துக்கு என்ன கீவேர்ட், அதாவது தேடினா படம் வாறதுக்குப் போடுற சொல், போட்டிருக்கிறீங்கள் எண்டு பாத்தன். பியூட்டிஃபுல், ஏசியா, ஸ்ரீலங்கா, வில்லேஜ், ஹான்ட்ஸ், கிரீன், நேச்சர். ஏழே ஏழு, சட்டர்ஸ்டொக் கேக்கிற ஆகக் குறைஞ்ச எண்ணிக்கை, 50 வரைக்கும் போடலாம். கிடுகு எண்ட சாமானைத் தேடுறவன் ஆர்? கூரை வேயிறதைப் பற்றி எழுதுற ஆர்க்கிடெக்ட், தென்னையில இருந்து வாற கைத்தொழிலைப் பற்றிப் புத்தகம் போடுறவன், பிளாஸ்டிக்குக்குப் பதிலா என்ன எண்டு ரிப்போர்ட் எழுதுற என்ஜிஓக்காரன். அவன் பியூட்டிஃபுல் எண்டு அடிப்பானோ? கஜான் (கிடுகுக்கு இங்கிலீஸ் பேர்), தட்ச் ரூஃப், கோகனட் லீஃப் வீவிங், பாம் ஃபிரொன்ட், ட்ரடிஷனல் கிராஃப்ட் எண்டுதான் அடிப்பான். அடோபியில கீவேர்ட் வரிசையும் முக்கியம், முதல் பத்துக்குத்தான் கூட மதிப்பு, அதால கஜான் முதலாவதா இருக்கோணும், ஸ்ரீலங்கா பிறகு வரலாம். 412 படத்துக்கும் இதே மாதிரித்தான் போட்டிருக்கிறீங்கள் எண்டு நினைக்கிறன், புதுசா ஒண்டும் எடுக்காம ஒரு மாசம் இருந்து கீவேர்ட் எல்லாத்தையும் திரும்ப எழுதுங்கோ, அதுக்குக் காசு தேவையில்லை. அந்தப் புறாமலைப் போட்டில என்ஜின் கொம்பனிப் பேர் பெரிசாத் தெரியுது, அதையும் அழிக்காட்டி கொமர்ஷலா, அதாவது விளம்பரத்துக்குப் பாவிக்கிற படமாப் போகாது.

ஆக்களை எடுக்கத் தொடங்குவீங்கள் எண்டபடியா ஒரு விசயம் சொல்லியே ஆகோணும், இது எனக்கு நடந்தது. 2018 இல சாம்பல்தீவுப் பக்கம் கரைவலை இழுக்கிற ஒரு ஐயாவை எடுத்தனான். அம்பா பாடிக்கொண்டு எல்லாரும் இழுக்கினம், மடி கரைக்கு வந்து கொண்டிருக்கு, அவர் மட்டும் கயித்தை இடுப்பில சுத்தி நிண்டு மற்றப் பக்கம் திரும்பிப் பாத்தார், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. கொமர்ஷலா விக்க மொடல் ரிலீஸ் எண்டு ஒரு பேப்பரில கையெழுத்து வேணும், அது இங்கிலீஸில இருந்தது, நான் வாசிச்சுச் சொல்ல வெளிக்கிட அவர் "பிள்ளை, நீ சொன்னாச் சரிதானே" எண்டு போட்டுத் தந்திட்டார். நானும் மிச்சத்தைச் சொல்லாம விட்டுட்டன். அடுத்த வருசம் கட்டாரில இருக்கிற அவற்ற மகன் ஒரு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினான், எங்கயோ ஒரு நாட்டில கடன் குடுக்கிற கொம்பனி ஒண்டின்ர விளம்பரம், அதில ஐயாட முகம், பக்கத்தில கஷ்டமோ, எங்களிட்ட வாங்கோ எண்ட மாதிரி ஒரு வசனம். ஐயா என்னட்ட வந்து கேட்டது ஒண்டே ஒண்டு: "பிள்ளை, நான் எப்ப ஆரிட்டயும் கடன் கேட்டனான்?"

எனக்கு அந்தப் படத்தால அதுவரைக்கும் வந்தது நாலு தரம் 33 சதம். வாங்கினவன் ஆர் எண்டு சைட்டுகள் எங்களுக்குச் சொல்லாது, விளம்பரத்துக்குப் பாவிச்சது விதிக்கு உள்ளதான், படத்தை அழிச்சாலும் முதலே வித்த லைசன்ஸ் செல்லும். எல்லாம் பேப்பரில சரி. ஐயாட வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டனான், அவர் அதுக்குப் பிறகும் எனக்கு மீன் தந்துதான் விட்டவர், ஆனா அந்தப் பக்கம் போகேக்க இண்டைக்கும் எனக்கு நெஞ்சு பாரமாத்தான் இருக்கும். அதால இப்ப ரிலீஸ் பேப்பரைத் தமிழில ஒரு பக்கம் நானே எழுதி வைச்சிருக்கிறன், உங்கட முகம் எந்த விளம்பரத்திலயும் வரலாம், ஆர் போடுவான் எண்டு எனக்கே தெரியாது, வருத்தத்துக்கும் கடனுக்கும் கூடப் போடுவான் எண்டு உரத்து வாசிச்சுக் காட்டிட்டுத்தான் கையெழுத்துக் கேக்கிறனான். பாதிப்பேர் வேண்டாம் எண்டுடுவினம். பரவாயில்லை. உங்களுக்கு வேணுமெண்டா அந்தப் பக்கத்தை அனுப்பி விடுறன். கைகளை மட்டும் எடுத்தா பெரும்பாலும் கையெழுத்துக் கேக்க மாட்டினம், ஆனா அம்மாட்டயும் கேட்டுட்டுத்தான் போடுங்கோ.

அதோட டொக்யார்ட் பக்கம், கோட்டைக்குள்ள ஆமி நிக்கிற இடம், சீனன்குடா எயார்போர்ட் பக்கம் எல்லாம் கமராவைத் தூக்காதேங்கோ, ட்ரோன் எண்டா அனுமதி இல்லாம நினைக்கவே வேண்டாம். கமராவைப் பறிகுடுத்தா அடைவுக் கடன் மட்டும்தான் மிஞ்சும்.

விட்டுடட்டோ எண்டு கேட்டீங்கள். விடாதேங்கோ, ஆனா இதை உழைப்பெண்டு கணக்குப் போடாதேங்கோ. காப்பை மீட்கிற காசு இதில இருந்து இந்த வருசம் வராது, வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அதுக்கு வேற வழி பாப்பம், ஆவணியில எனக்கு ரெண்டு கலியாண வீடும் ஒரு சாமத்திய வீடும் இருக்கு, ரெண்டாவது கமராவுக்கு ஆள் தேவை, உங்கட படங்களைப் பாத்தபடியாத்தான் கேக்கிறன், இரக்கப்பட்டு இல்லை. மூண்டு நாள் வேலைக்குக் கிடைக்கிறது உங்கட எட்டு மாசத்து டவுன்லோடை விடக் கனக்க. வாறதெண்டா மெயில் போடுங்கோ, அம்மாட்டயும் கதைக்கிறன்.

அதுக்கிடையில அம்மா அடுத்த முறை கிடுகு பின்னேக்க முதலில இருந்து எடுங்கோ. மட்டையை ரெண்டாப் பிளக்கிறது, ஊறப்போடுறது, ஊறினதைத் தூக்கேக்க தண்ணி வடியிறது, பின்னுறது, காயவைச்சு அடுக்கிறது, கடைசியாக் கூரையில ஏத்திக் கட்டுறது, ஒவ்வொண்டிலயும் கிட்ட ஒண்டு, தூர ஒண்டு, எழுத்துப் போட இடம் விட்டு ஒண்டு. உங்களிட்ட இருக்கிற லென்ஸே அதுக்குக் காணும்.

அன்புடன்,
அக்கா