பழைய அடையாள அட்டையைக் காட்டி நிலாவெளியில் காணி வாங்கலாமா?

கேள்வி: திருகோணமலையில் பிறந்த எனக்கு இப்போது கனடாக் குடியுரிமை. நிலாவெளியில் கடலோரமாக 40 பேர்ச் காணி விலைக்கு வருகிறது. பழைய அடையாள அட்டையைக் காட்டி உறுதி (காணி உரிமைப் பத்திரம்) எழுதலாம், இல்லாவிட்டால் கம்பனி பெயரில் வாங்கலாம் என்கிறார் தரகர். செய்யலாமா?

பதில்: அட்டையைக் காட்டி எழுதவே எழுதாதீர்கள். கனடாக் குடியுரிமை எடுத்ததோடு உங்கள் இலங்கைக் குடியுரிமை போய்விட்டது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்கு எழுதும் காணி உறுதி செல்லாது. உறுதி எழுதும் நொத்தாரிசு ஒப்பமிட்டாலும், காணிப் பதிவகம் பதிந்து கொடுத்தாலும் அதே கதிதான். தரகர் தன் தரகுக் காசோடு போய்விடுவார்.

வெளிநாட்டுப் பங்கு 50 வீதத்துக்குக் குறைந்த இலங்கைக் கம்பனி காணி வாங்கலாம் என்பது உண்மை. ஆனால் அந்த நிலை தொடர்ந்து 20 வருடம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதைத் தரகர்கள் வாயே திறப்பதில்லை. பெயருக்கு 51 வீதம் வைத்திருக்கும் மச்சானிடமிருந்து இடையில் பங்கை உங்கள் பெயருக்கு மாற்றினால் காணியே கையை விட்டுப் போகும். மாற்றாமல் விட்டால் காணிக்கு எஜமான் அவர்தான்.

உங்களுக்குச் சரியான வழி இரட்டைக் குடியுரிமை. அது இருந்தால் இந்தத் தடை உங்களைத் தொடாது. இங்கே திகதி மிக முக்கியம்: சான்றிதழின் திகதி முதலில், உறுதியின் திகதி பிறகு. விண்ணப்பித்த பற்றுச்சீட்டு போதாது, "வந்துவிடும்" என்ற அதிகாரியின் வாய்ச்சொல்லும் போதாது. சொந்த ஊரில் ஒரு துண்டு நிலம் வாங்க வருபவரை இத்தனை மாதம் காக்க வைப்பது அநியாயம். அந்தத் தாமதத்தில்தான் தரகர்களின் பிழைப்பே நடக்கிறது.

காத்திருக்கும்போது முற்பணம் கேட்பார்கள். வெள்ளைத்தாளில் எழுதி முத்திரை ஒட்டிய சீட்டை வைத்துக் காணியைக் கேட்க முடியாது. விற்பதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள் முன்னால்தான் எழுதப்பட வேண்டும். சான்றிதழ் கிடைக்காவிட்டால் முற்பணம் திரும்ப வேண்டும் என்ற வரியை அதில் கட்டாயம் சேருங்கள்.

இனிக் காணி. தரகர் உங்களை ஆடியில் கூட்டிப்போவார், அப்போது கிழக்குக் கடல் குளம் போலக் கிடக்கும். மார்கழியில் போய்ப் பாருங்கள், வாடைக்காற்றில் அலை எதுவரை ஏறுகிறது என்று தெரியும். பழைய உறுதிகளில் "கிழக்கே கடல்" என்றுதான் எல்லை இருக்கும். கடல் அரித்தது போக மிச்சம் எவ்வளவு என்று உரிமம் பெற்ற நில அளவையாளரை வைத்துப் புதிதாக அளக்க வேண்டும்.

உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கடலிலிருந்து விட வேண்டிய தூரம் இடத்துக்கு இடம் மாறும். 20 மீற்றர் அகலம், 50 மீற்றர் நீளம் என்றால் ஏறத்தாழ 40 பேர்ச். அதில் 35 மீற்றர் விடச் சொன்னால் கட்ட மிஞ்சுவது 12 பேர்ச்தான். விலையோ 40 பேர்ச்சுக்கும் சேர்த்துக் கேட்பார்கள். அந்தத் தூரத்தைத் திணைக்களத்திடம் எழுத்தில் வாங்கிய பிறகே விலை பேசுங்கள்.

முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். ஒரு கோடிக்கு 3,99,000 ரூபா.