போர்த்துகீசிய அரிசி மாவுக் கேக்கை வீட்டில் சுட்டால் ஏன் நறநறவென்று வருகிறது?

போலு டி அரோஷ் என்னும் போர்த்துகீசிய அரிசி மாவுக் கேக்கை மூன்று முறை சுட்டுப் பார்த்ததாகவும், ஒவ்வொரு முறையும் அது உள்ளே மணலைப் போல நறநறத்து, மேலே குடை விரித்தாற்போல வழிந்து வந்ததாகவும் கேட்டவர் எழுதியிருக்கிறார். இவை ஒரே தவறின் இரண்டு முகங்கள் அல்ல. நறநறப்புக்குக் காரணம் மாவு. குடை விரிவதற்குக் காரணம் பாத்திரம். இரண்டையும் நானே அனுபவித்துத் திருத்திக்கொண்டதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆராய்ச்சிப் படிப்புக்காகப் போர்த்துகலின் கொயிம்ப்ரா நகரில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். அந்த ஊரின் எந்தப் பேஸ்ட்ரி கடைக்குள் நுழைந்தாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் இந்தக் கேக் நிற்கும். நிற்கும் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உருளை வடிவில், அகலத்தைவிட உயரம் தூக்கலாக இருக்கும். சுற்றிலும் ஒரு வெள்ளைக் காகிதப் பட்டை, அதில் நீல எழுத்தில் கேக்கின் பெயர், தலையில் வெடிப்பு விட்ட சர்க்கரை மேலோடு. காலையில் பால் கலந்த காப்பியோடு அதை வாங்கிக்கொண்டு, காகிதத்தைச் சுற்றிச் சுற்றி உரித்து, அதில் ஒட்டிய துணுக்குகளைப் பல்லால் சுரண்டித் தின்பதை அங்கே யாரும் அநாகரிகமாகக் கருதுவதில்லை.

போலு என்றால் கேக், அரோஷ் என்றால் அரிசி. அந்நாட்டில் அரிசி இறக்குமதி மோகமன்று. மொந்தேகு, தேஜு, சாது ஆகிய ஆறுகளின் சமவெளிகளில் நெல் விளைகிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆள் வீதம் அதிகமாக அரிசி உண்பவர்களும் அவர்களே. கொயிம்ப்ராவிலிருந்து கடற்கரையை நோக்கி மொந்தேகு ஆற்றின் போக்கிலேயே போனால் இருபுறமும் வயல்தான், வயலில் நாரைகள். முதல் முறை பார்த்தபோது, கோதுமை நாட்டுக்கு வந்துவிட்டோம் என்ற என் எண்ணம் கலைந்தது.

இனி மாவுக்கு வருகிறேன். என் முதல் முயற்சிக்கு அங்கிருந்த ஓர் ஆசியக் கடையில் மாவு வாங்கினேன். உறையின் மேல் அரிசிப் படம் இருந்தது, அதற்கு மேல் நான் படிக்கவில்லை. அது ஒட்டும் அரிசி மாவு என்பது, சுட்டு எடுத்த கேக் கத்தியைப் பிடித்துக்கொண்டு விடாமல் இழுத்தபோதுதான் தெரிந்தது. நம் ஊர்க் கடைகளில் அந்த ஆபத்துக் குறைவு, ஆனால் வேறொன்று உண்டு. இடியாப்ப மாவு என்று விற்பது பெரும்பாலும் வறுத்த மாவு. அது ஈரத்தை இழுக்கும் விதமே வேறு. அதிரசத்துக்கு இடிக்கும் ஈர மாவும் ஆகாது, ஏனென்றால் அதிலுள்ள தண்ணீரைக் கணக்கிட முடியாது. வறுக்காத, உலர்ந்த, மிக நைசான பச்சரிசி மாவே வேண்டும். விரல்களுக்கு இடையில் தேய்த்துப் பார்த்துத் துகள் தட்டுப்பட்டால் மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள்.

நல்ல மாவாக இருந்தாலும் நறநறப்பு வரலாம். கோதுமை மாவு பாலைப் பட்டென்று குடித்துவிடும். அரிசி மாவின் துகள் கடினமானது, மெல்லத்தான் ஊறும். கலந்த கையோடு ஓவனுக்குள் வைத்தால் அந்தத் துகள்கள் முழுதாக ஊறுவதற்குள் கேக் வெந்துவிடுகிறது, மணல் நாக்கில் தங்கிவிடுகிறது. இதை எனக்குக் கண்டுபிடித்துச் சொன்னவர், கணவரோடு சேர்ந்து நெடுங்காலம் பேஸ்ட்ரி கடை நடத்திய கீழ்வீட்டு அம்மையார். நான் கொண்டுபோய்க் கொடுத்த கேக்கை ஒரு கடி கடித்துவிட்டு, தட்டை மேசையில் வைத்து, "அரிசிக்குப் பால் குடிக்க நேரம் கொடு, மெனீனா" என்றார். மெனீனா என்றால் சிறுமி; எனக்கு அப்போது முப்பத்தொரு வயது.

அவர் சொன்னபடி செய்வது இதுதான். 150 கிராம் அரிசி மாவில் 150 மில்லி வெதுவெதுப்பான பாலை ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்து, மூடி, ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு அறை வெப்பத்தில் இளகிய 100 கிராம் வெண்ணெயையும் 150 கிராம் சர்க்கரையையும் நிறம் வெளுக்கும்வரை அடித்து, 3 முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். கலவை திரிந்தாற்போலத் தோன்றினால் ஒரு கரண்டி மைதாவைத் தூவினால் சரியாகிவிடும். அடுத்து ஊறிய அரிசி மாவு, ஒரு சிட்டிகை உப்பு, எலுமிச்சைத் தோல் துருவல். அங்குள்ள எலுமிச்சை பெரிது, தோல் தடித்தது. நம் சிறிய எலுமிச்சையில் மஞ்சள் படலத்தை மட்டும் மெல்லச் சுரண்டாவிட்டால் கசப்பு ஏறிவிடும். 100 கிராம் மைதாவையும் 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடரையும் சேர்த்துச் சலித்துக் கடைசியில்தான் கலக்க வேண்டும். முன்னரே கலந்தால் ஊறும் நேரத்தில் பவுடரின் வேகம் பாதி வீணாகிவிடும். முடிந்த கலவை இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து யோசித்து யோசித்து விழ வேண்டும்.

மைதாவே வேண்டாம் என்று சிலர் கேட்பார்கள். பெயரில் அரிசி இருந்தாலும் கடைக் கேக்கில் கோதுமை உண்டு, பல செய்முறைகளில் அரிசி மாவைவிடக் கோதுமை மாவே அதிகம். ஆகவே கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் ஒவ்வாதவர்கள் பெயரை நம்பி வாங்கக் கூடாது. அரிசி மாவில் மட்டும் செய்தால் கேக் கிடைக்கும், ஆனால் உயர்ந்து நிற்காமல் உதிர்ந்துவிடும்.

அடுத்தது பாத்திரம். மஃபின் தட்டில் ஊற்றினால் மாவு பக்கவாட்டில் வழிந்து குடை விரிக்கத்தான் செய்யும். அப்படி வருவது கெக் என்று அங்கே அழைக்கப்படும் வேறொரு சிறு கேக்கின் உருவம். அரிசிக் கேக்குக்கு அடியில்லாத உலோக வளையம் வேண்டும். 6 செ.மீ. விட்டமும் 6 செ.மீ. உயரமும் உள்ள வளையத்துக்கு, பேக்கிங் தாளை 21 செ.மீ. நீளமும் 8 செ.மீ. அகலமுமாக வெட்டி உள்ளே சுற்றிவிட்டால் 2 செ.மீ. காகிதம் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். உயரும் மாவுக்கு அதுதான் மதில். வளையத்தைத் தாள் விரித்த தட்டையான தட்டில் வைத்து, மூன்றில் இரு பங்கு நிரப்புங்கள். மேற்சொன்ன அளவுக்கு 8 கேக் வரும். அடியில் வழிந்தால் மாவு நீர்த்திருக்கிறது என்று பொருள். வளையம் கிடைக்காவிட்டால், தாள் சுற்றிய எவர்சில்வர் டம்ளர்களில் சுடலாம். வாய் விரிந்த உருவம் வரும், சுவை மாறாது.

சர்க்கரை மேலோட்டில் கஞ்சத்தனம் கூடாது. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தேக்கரண்டி சாதாரணச் சர்க்கரையை, ஓவனுக்குள் வைக்கும் கணத்தில்தான் தூவ வேண்டும், முன்னரே தூவினால் கரைந்து பாகாகிவிடும். 200 டிகிரியில் 8 நிமிடம், பிறகு 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். தொடக்கத்துச் சூட்டில் மேற்புறம் இறுகி, உள்ளிருந்து மாவு தள்ளும்போது சர்க்கரை வெடித்துப் பாளம் பாளமாக நிற்கும். மின்விசிறி உள்ள ஓவனாக இருந்தால் இரண்டு சூட்டையும் 20 டிகிரி குறையுங்கள்.

சுட்ட நாளில் தின்பதே சிறப்பு. அரிசி மாவு சேர்ந்த பண்டம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சோற்றைப் போலவே விறைத்துவிடும். மிஞ்சியதை மூடிய டப்பாவில் வெளியே வைத்தால் மறுநாள்வரை தாங்கும். நான் மறுநாள் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தில் வெண்ணெய் தடவித் தோசைக்கல்லில் சிவக்க வாட்டித் தின்பேன். கீழ்வீட்டு அம்மையாரிடம் இதை நான் சொன்னதில்லை.